உடைய வேண்டிய கண்ணாடி

பழைய கட்டடங்களைப் பரிசோதிக்கும் இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரும்படி அலுவலகத்தில் கேட்டார்கள். சாய்வு அளப்பது, ஈரம் பார்ப்பது, வரைபடம் போடுவது இவற்றையெல்லாம் கற்றுத்தர அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். முழங்கால் ஏணிக்கு ஒத்துழைக்காததால் முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டவள் நான். எனக்கு ஒன்றுமே புரியாமல் போன ஒரு வேலையைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

நான் ஒழுங்கான ஆள். என் பென்சில்கள் நீளவாரியாக அடுக்கப்பட்டிருக்கும். தினமும் டைரி எழுதுவேன். அந்த வேலை நடந்த மாதங்களின் பக்கங்களை இப்போது புரட்டிப் பார்த்தால், அடிக்கடி வரும் சொல் 'தெரியவில்லை' என்பதுதான். ஒரு பக்கத்தில் அதை மட்டும் எழுதி, அடியில் கோடு போட்டிருக்கிறேன்.

அல்சூர் ஏரியிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறது அந்த லுத்தரன் கோவில். தமிழ்ச் சபை. வெளியிலிருந்து பார்த்தால் குழப்பம் எதுவும் இல்லை. கருங்கல் சுவர், செங்கல் விளிம்பு வைத்த கூர்முனை ஜன்னல்கள், மங்களூர் ஓடு வேய்ந்த செங்குத்தான கூரை, மேற்கு முகப்பின் உச்சியில் ஒற்றை மணி. உள்ளே போனால் தேக்குச் சட்டங்கள் தாங்கும் நீண்ட கூடம். அதன் கிழக்குக் கோடியில் பெரிய வளைவு ஒன்று. வளைவைத் தாண்டிப் படியேறினால் பீடம். சிலைகள் கிடையாது, சுவரில் அலங்காரம் கிடையாது. வளைவின் நெற்றியில் மட்டும் ஒரு வேத வசனத்தை நீல எழுத்தில் எழுதி வைத்திருந்தார்கள். எங்களைக் கூப்பிட வைத்த விரிசல் அந்த வசனத்தின் நடுவில்தான் இறங்கியிருந்தது.

எங்களை வரவழைத்தவர் சபைச் செயலாளர் எட்வின். திருச்சிக்காரர், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. முதல் நாளே நேராக விஷயத்துக்கு வந்தார்.

"மேடம், எனக்கு ஒரே ஒரு பதில் வேணும். சேஃபா, இல்லையா? சேஃப் இல்லைன்னா இடிச்சிட்டு புதுசா கட்டலாம்னு கமிட்டில பாதிப் பேர் ரெடியா இருக்காங்க. மீதிப் பேர் ஒரு கல்லை எடுத்தாலும் கோர்ட்டுக்குப் போவோம்னு சொல்றாங்க. நான் ரெண்டு பக்கமும் இல்ல. என் பையன் பாடகர் குழுவுல இருக்கான், அந்த வளைவுக்குக் கீழதான் நிக்கிறான். அவ்ளோதான் என் கவலை."

அவர் கேட்டது நியாயமான கேள்வி. இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கட்டடத்தை இடிக்கப் பார்க்கிறவர் என்று நாம் முடிவு கட்டிவிடும் ஆள் பல நேரம் தன் பிள்ளையை நினைத்துக்கொண்டிருப்பார்.

அவருக்குப் பக்கத்தில் ஐயர் நின்றிருந்தார். லுத்தரன் சபைகளில் போதகரை ஐயர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஸ்ரீராம்புரத்தில் மாரியம்மன் கோவில் தெருவில் வளர்ந்த எனக்கு, வெள்ளை அங்கிக்காரரை 'ஐயரே' என்று அழைக்க நாக்குப் பழக ஒரு வாரம் ஆயிற்று. அவர் அந்தச் சபைக்கு மாற்றலாகி வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. கட்டடத்தின் வரலாற்றைக் கேட்டால், "எனக்கே இப்பதான் சொல்லிட்டிருக்காங்க, ஆளுக்கு ஒண்ணு" என்று சிரித்தார்.

ஆளுக்கு ஒன்றுதான். ஜெர்மனியிலிருந்து வந்த மிஷனரி ஒருவர் அடிக்கல் முதல் மணி வரை ஒரே மூச்சில் கட்டியதாகச் சிலர் சொன்னார்கள். முதலில் பள்ளிக்கூடமாக இருந்தது, பிறகு கோவிலானது என்றார்கள் வேறு சிலர். தண்டு, அதாவது கன்டோன்மென்ட், ஏரியாவில் இருந்த பட்டாளத்தின் குதிரை லாயம் என்று ஒருவர் சொன்னதுதான் தாமதம், பின்னால் துடைப்பத்தோடு நின்றவர் பொங்கிவிட்டார்.

"இன்னா சார் பேசறீங்க? எங்க தாத்தா இங்க ஞானஸ்நானம் வாங்குனவரு. குதிரைக்கு எவன் வளைவு வெச்சுக் கட்டுவான்?"

அவர்தான் ஆசீர்வாதம், அந்தக் கோவிலின் கோயில்பிள்ளை. கதவு திறப்பது, மணி அடிப்பது, பெருக்கித் துடைப்பது, பீடத்துணி மாற்றுவது எல்லாம் அவர் பொறுப்பு. குடும்பத்தோடு வளாகத்திலேயே சபை கொடுத்த சின்ன வீட்டில் இருந்தார். மகள் பெனிட்டா நர்ஸ். அவளுக்கு அந்த அக்டோபர் கடைசியில், பழைய சபையை எதிர்த்துப் பிரிந்து வந்ததை லுத்தரன்கள் நினைவுகூரும் சீர்திருத்த ஞாயிறு முடிந்த வியாழக்கிழமை, அதே கோவிலில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. என்னைப் பார்த்த முதல் நாளிலேயே பத்திரிகை வைத்துவிட்டார்.

ஜூலையில் வேலையைத் தொடங்கினோம். மனிதர்கள் ஆளுக்கொன்று சொன்னால் சுவரைக் கேட்க வேண்டும் என்பது நம் தொழிலின் வழக்கம். இந்தச் சுவரும் ஆளுக்கொன்றாகத்தான் சொன்னது.

வளைவு இருக்கும் சுவரில் உதிர்ந்திருந்த காரையை விலக்கிப் பார்த்தேன். உள்ளே இருந்த கருங்கல்லில் மழை வடிந்த கறை இருந்தது. கட்டடத்தின் நட்டநடுவே இருக்கும் சுவரில் மழை எப்படிப் பெய்யும்? ஆக, அது ஒரு காலத்தில் வெளிச்சுவராக இருந்திருக்கிறது. கூடம் முதலில் தனிக் கட்டடம். பின்னர் அதன் கடைசிச் சுவரை வெட்டி வளைவாக்கி, அதற்குப் பின்னால் பீடப்பகுதியைச் சேர்த்திருக்கிறார்கள். நிம்மதியாக இருந்தது. அன்று மாலை டைரியில் அழகாக எழுதி வைத்தேன்.

மறுநாள் பீடத்துக்குப் பின்புறம் போய்ப் பார்த்தால் அங்கே இருந்த செங்கல் கூடத்துச் செங்கல்லைவிட மெலிசு. அது பழைய வகைச் செங்கல். சுண்ணாம்பும் பழைய கலவைதான். அந்தக் கணக்குப்படி பீடப்பகுதிதான் முதலில் வந்திருக்க வேண்டும். வேறெங்கோ இடித்த கட்டடத்தின் செங்கல்லைக் கொண்டுவந்து கட்டியிருக்கலாம். அப்படி இல்லாமலும் இருக்கலாம். மேற்கு வாசலில் நின்று நூல் பிடித்துப் பார்த்தால் கூடமும் பீடமும் ஒரே நேர்கோட்டில் இல்லை. பீடம் லேசாக வடக்கே திரும்பியிருந்தது. சிலுவையில் தொங்கும் கிறிஸ்துவின் சாய்ந்த தலை அது என்றார் ஐயர். கொத்தனார் பிடித்த நூல் தவறிவிட்டது என்றார் எட்வின். எது சரி என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இதையெல்லாம் வரலாற்று ஆசைக்காகச் சொல்லவில்லை. தனித்தனியாகக் கட்டிய இரண்டு பகுதிகள் சரியாகப் பிணையாமல் ஒட்டி நின்றால், அந்த ஒட்டில் விரிசல் வருவது இயல்பு. வெயிலுக்கும் மழைக்கும் திறந்து மூடிக்கொண்டு, அது நம்மைவிட நீண்ட காலம் இருக்கும். ஒரே மூச்சில் கட்டிய சுவரில் அதே விரிசல் வந்தால் அடியில் ஏதோ இறங்குகிறது என்று அர்த்தம். ஆகவே குதிரை லாயமா பள்ளிக்கூடமா என்பது, எட்வினின் பையன் எங்கே நிற்கலாம் என்ற கேள்வியோடு நேராகச் சம்பந்தப்பட்டது.

விரிசல் நகர்கிறதா என்று பார்க்க நாம் கண்ணாடி வைப்போம். விரிசலின் இரு பக்கமும் பூச்சு வைத்து, குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டைப் பதிப்போம். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். அசையாவிட்டால் முழுசாக இருக்கும். வளைவைச் சுற்றி அப்படிப் பல இடங்களில் வைத்து, பூச்சின் மேல் பென்சிலால் தேதி எழுதினேன். ஐயரிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். அவர் கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

ஆகஸ்டில் போனேன், எல்லாக் கண்ணாடியும் முழுசாக இருந்தது. செப்டம்பரிலும் அப்படியே. ஆனால் பீடத்துக்கு அருகில் இருந்த அறையின் கதவு ஜூலையில் சுலபமாக மூடியது. செப்டம்பரில் தோளால் இடிக்க வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பீடத்துணியின் மேல் மெல்லிய சுண்ணாம்புத் தூள் கிடப்பதாகப் பாடகர் குழுவினர் சொன்னார்கள். கண்ணாடி அசைவில்லை என்றது. கதவும் தூளும் அசைகிறது என்றன. மழையில் கதவு உப்பியிருக்கும், தூள் பல்லி செய்த வேலை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். 'அசைவு இல்லை' என்று அறிக்கையின் முதல் வரியை எழுதியும் ஆயிற்று. கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

சீர்திருத்த ஞாயிற்றுக்கு முந்தைய புதன்கிழமை. கடைசியாக ஒருமுறை பார்த்துவிடலாம் என்று போனேன். ஏணியில் ஏறி, தடுமாறி, வசனத்துக்குக் கீழே இருந்த பூச்சின் மேல் கையை ஊன்றினேன். ஜில்லென்று இருந்தது. கட்டை விரலால் அழுத்தினேன். நகம் இறங்கியது.

ஜூலையில் வைத்த பூச்சு அக்டோபரில் எப்படி ஈரமாக இருக்கும்? அதன் மேல் என் தேதி இருந்தது. உற்றுப் பார்த்தேன். தேதி என்னுடையதுதான், கையெழுத்து என்னுடையது இல்லை.

இறங்கி வந்து ஆசீர்வாதத்தைக் கூப்பிட்டேன். ஐயரும் எட்வினும் அங்கேதான் பெஞ்சுகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

"ஆசீர்வாதம், இந்தக் கண்ணாடியை யாராவது தொட்டாங்களா?"

"வேற யாரு தொடுவா மேடம், நான்தான்" என்றார், முகமெல்லாம் மலர்ச்சியாக. "ஒடைஞ்சு போச்சு. ஒடைஞ்ச ஒடனே மாத்திட்டேன். அதே சைஸு. நீங்க எழுதுன தேதியக்கூட பாத்துப் பாத்து எழுதிட்டேன். வித்தியாசம் தெரியுதா?"

"எது உடைஞ்சுது?"

"இது ஒண்ணு. அப்புறம் அந்தப் பக்கம்... மேல இருக்கறது ரெண்டு வாட்டி. இல்ல, அது ஒரு வாட்டி, கீழதான் ரெண்டு வாட்டி."

"எப்போ?"

"மழைல மேடம். செப்டம்பர்ல வர்ற மாதா கோவில் திருவிழா சமயம்னு வெச்சுக்கோங்களேன். ஒண்ணு அதுக்கு முன்னாடி. இது இப்ப கொஞ்ச நாள் முன்னாடி."

"உடைஞ்ச துண்டு நடுவுல இடைவெளி இருந்துதா, இல்ல ஒண்ணு மேல ஒண்ணு ஏறியிருந்துதா?"

என் குரல் உயர்ந்திருக்க வேண்டும். அவர் முகம் மாறியது. "அத்த எங்க மேடம் பாத்தேன்? ஆண்டவர் சந்நிதில ஒடைஞ்ச கண்ணாடி இருந்தா நல்லாவா இருக்கும்? குப்பைல போட்டேன்."

நான் ஏன் அதைக் கேட்டேன் என்பது உங்களுக்கு விளங்கும். விரிசல் திறந்தாலும் கண்ணாடி உடையும், மூடினாலும் உடையும். துண்டுகளைப் பார்த்தால்தான் எது நடந்தது என்று தெரியும். எனக்குக் கிடைத்ததெல்லாம் சுவர் அசைகிறது என்ற செய்தி மட்டுமே. எந்தப் பக்கம், எவ்வளவு, எப்போது என்ற விவரம் எதுவும் இல்லை.

"யார் உன்னை மாத்தச் சொன்னது?" என்றார் எட்வின்.

"ஐயர்தான் சார். கண்ணாடிக்கு ஒண்ணும் ஆகக்கூடாது, மேடம் வந்து பாப்பாங்கன்னு சொன்னாரு."

எல்லோரும் ஐயரைப் பார்த்தோம். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பத்திரமா பாத்துக்கோன்னு சொன்னேன். ஒண்ணும் ஆகக்கூடாதுன்னும் சொல்லியிருப்பேன். சொன்னேனா?... சொல்லியிருப்பேன்."

எட்வின் என்னைத் தனியே அழைத்துப் போனார்.

"மேடம், அடுத்த வியாழக்கிழமை அவர் பொண்ணுக்குக் கல்யாணம். கண்ணாடி உடைஞ்சிருக்குன்னு தெரிஞ்சா கோவிலை மூடிடுவோம்னு அவருக்குத் தெரியாதா? தேதியைக்கூடப் போட்டு வெச்சிருக்கார். இது ஃபோர்ஜரி இல்லையா? வேணும்னே செஞ்சார்னு நீங்க எழுதிக் குடுங்க. வேலையை விட்டு எடுத்துட்டு வீட்டையும் காலி பண்ணச் சொல்லணும். எத்தனை பேர் உயிர் இதுல இருக்கு!"

நான் ஆசீர்வாதத்தைத் திரும்பிப் பார்த்தேன். அவர் ஏணியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டே நின்றிருந்தார், நான் அதில் இல்லை என்பது தெரியாதவர் போல. சூதாகச் செய்தவர் இப்படிப் பெருமையாக ஒத்துக்கொள்வாரா? சூது தெரிந்தவர் இப்படித்தான் ஒத்துக்கொள்வார் என்றும் தோன்றியது. சுவரைப் போலவே அவரும் எனக்குப் பிடிபடவில்லை.

"அவர் மனசுல என்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. தெரியாததை எழுத மாட்டேன்" என்றேன்.

"அப்ப கோவில்? அதையாவது சொல்லுங்க. சேஃபா, இல்லையா? இன்னிக்கே எழுத்துல வேணும்."

கொஞ்ச நேரம் கேட்டு வாங்கிக்கொண்டு கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். பாதுகாப்பு என்று எழுதினால், அது நான் பார்க்காத ஒன்றுக்குக் கொடுக்கும் உத்தரவாதம். ஆபத்து என்று எழுதினால், இடிக்க விரும்பும் பாதிப் பேர் அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் முடித்துவிடுவார்கள். அப்புறம் அந்தச் சுவரைப் புரிந்துகொள்ள சுவரே இருக்காது. பிழைப்பைக் கெடுக்கிற கேள்வி என்று சலித்துக்கொண்டு, அளவெடுக்காமல் சும்மா கட்டடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் கேள்வியைப் பிரிக்கலாம் என்று பட்டது. கூடத்தின் நீளச் சுவர்களில் கண்ணாடியும் இல்லை, விரிசலும் இல்லை. கூரைச் சட்டங்கள் அந்தச் சுவர்களின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. வளைவை நம்பி இல்லை. ஜெர்மன்காரர் கதை, பள்ளிக்கூடக் கதை, குதிரைக் கதை எது உண்மையானாலும், விழுவதாக இருந்தால் வளைவும் அதன் நெற்றியும்தான் விழும். அது எவ்வளவு தூரம் விழும் என்பதை என்னால் சொல்ல முடியும். பீடம் கூடாது, முன்பக்கத்துப் பெஞ்சுகள் கூடாது. மற்ற இடத்தில் உட்காரலாம்.

ஐயரிடம் சொன்னேன். "முன்பக்கம் கயிறு கட்டிடுங்க. மேற்கு வாசல்கிட்ட ஒரு மேசை போட்டு அதையே பீடமா வெச்சுக்கோங்க. ஜனங்க அந்தப் பக்கம் பார்த்து உக்காரட்டும்."

"பீடத்துக்கு முதுகைக் காட்டிக்கிட்டா?"

"வேற வழி எனக்குத் தெரியல ஐயரே."

அவர் பீடத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சிரித்தார். "சீர்திருத்த ஞாயிறு அன்னிக்கு எல்லாரும் எதிர்ப்பக்கம் திரும்பி உக்காருங்கன்னு சொன்னா, தனியா பிரசங்கமே வேண்டாம் மேடம்."

அறிக்கையின் முதல் வரியை அடித்துவிட்டு, 'வளைவின் நிலை இப்போது தெரியவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எட்வின் அதைப் படித்துவிட்டு, "இதுக்கா மேடம் இன்ஜினியரைக் கூப்பிட்டோம்?" என்றார். எந்தப் பகுதியில் போகக்கூடாது என்ற அடுத்த பத்தியைக் காட்டினேன். படித்துவிட்டு மகனுக்குப் போன் செய்து, ஞாயிற்றுக்கிழமை எங்கே நிற்க வேண்டும் என்று சொன்னார்.

ஞாயிறன்று நானும் போனேன். பெஞ்சுகள் மேற்கே பார்த்துத் திருப்பப்பட்டிருந்தன. ஒன்றை மட்டும் நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. அந்தச் சபையில் ஆண்கள் வலது பக்கம், பெண்கள் இடது பக்கம். எல்லோரும் திரும்பிவிட்டால் எது வலது?

"என் ஜன்னல் இது. ரிட்டையர் ஆனதுலருந்து இங்கதான் உக்கார்றேன்" என்று ஒரு முன்னாள் டீச்சர் அசையாமல் உட்கார்ந்துகொண்டார்.

"டீச்சர், இப்ப இது ஆம்பளைங்க பக்கம்."

"ஜன்னல் நகந்துச்சா? நான் நகந்தேனா? நீங்கதானே திரும்புனீங்க? நீங்க போங்க அந்தப் பக்கம்."

பாதிப் பேர் ஜன்னலை வைத்துக் கணக்குப் போட்டார்கள், மீதிப் பேர் கையை வைத்து. முதல் பாட்டு முடிவதற்குள் கணவனும் மனைவியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் பாட்டுப் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆசீர்வாதம் கயிற்றருகே நின்றிருந்தார். அவரிடம் யாரும் பேசவில்லை. கமிட்டியில் அவரைப் பற்றிப் பேச்சு நடப்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கல்யாணம் முடியும் வரை பொறுக்கலாம் என்று தள்ளி வைத்திருந்தார்கள்.

வியாழக்கிழமை கல்யாணம். மாப்பிள்ளை வீடு கே.ஜி.எஃப் ஊரில். அவர்கள் வேனில் வந்து இறங்கியதும் மாப்பிள்ளையின் தாய்மாமன் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுச் சத்தம் போட ஆரம்பித்தார்.

"இன்னாது இது, வாசல்ல மேசையப் போட்டு வெச்சிருக்கீங்க? அத்தோ இருக்குதே பீடம்! பீடத்துல நின்னு தாலி கட்டுனாத்தான் கல்யாணம். வாசப்படில கட்டறதுக்கு ரிஜிஸ்டர் ஆபீஸ் பத்தாதா?"

ஐயர் விளக்கினார். மாமன் கேட்கவில்லை. "அஞ்சு நிமிஷ வேலை ஐயரே. இத்தனை வருஷம் வுழாதது இந்த அஞ்சு நிமிஷத்துல வுழப்போகுதா?" என்று மாப்பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கயிற்றை நோக்கி நடந்தார். எட்வின் என்னைப் பார்த்தார். அவர் நினைத்தது எனக்குப் புரிந்தது: இப்போது பாருங்கள், ஆசீர்வாதம் கயிற்றை அவிழ்ப்பார்.

உண்மையைச் சொன்னால், நானும் அதைத்தான் எதிர்பார்த்தேன்.

ஆசீர்வாதம் புது வேட்டி சட்டையில் கயிற்றுக்கு முன்னால் வந்து நின்றார். இரண்டு கையையும் விரித்துக்கொண்டார்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. இந்தப் பக்கம் வுட மாட்டேன்."

"உன் பொண்ணு கல்யாணம்யா இது!"

"அதனாலதாண்ணே. நீங்க பாட்டுக்கு கட்டிட்டு வேன் ஏறிடுவீங்க. மேடம் அங்க நிக்கக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. என் பொண்ணும் நிக்கக்கூடாது, உங்க புள்ளையும் நிக்கக்கூடாது. ஏற்கெனவே ஒரு வாட்டி நல்லது பண்றேன்னு பண்ணி, மேடம் பொழப்புல மண்ணப் போட்டேன். போதும். எனக்கு இங்க வேலை இருக்குமோ இருக்காதோ, இன்னிக்கு இந்தக் கயிறு என் கையில."

"மரியாதை தெரியாத சம்பந்தம்" என்று மாமன் முறைத்தார். மாப்பிள்ளை தரையைப் பார்த்தான். அப்போது வாசல் பக்கத்திலிருந்து பெனிட்டாவின் குரல் வந்தது.

"மாமா, நான் இங்கதான் நிக்கறேன். தாலி இங்க வந்தாத்தான் கல்யாணம். சீக்கிரம் வாங்க, எனக்கு நைட் ட்யூட்டிக்கு லீவு இன்னிக்கு மட்டுந்தான்."

மாப்பிள்ளை முதலில் சிரித்தான். மாமன் அவன் கையை விட்டார். மேற்கு வாசலைத் திறந்து வைத்து, தெருவில் ஆட்டோக்காரர்கள் வேகம் குறைத்து எட்டிப் பார்க்க, மேசைக்கு முன்னால் தாலி கட்டினார்கள். வாழ்த்துப் பாட்டு முடியும் வரை ஆசீர்வாதம் கயிற்றை விட்டு வரவில்லை. மகள் கல்யாணத்தை அவர் மணமக்களின் முதுகுப் பக்கத்திலிருந்துதான் பார்த்தார்.

வெளியே சாப்பாட்டுப் பந்தலில் எட்வின் என் எதிரே உட்கார்ந்தார். பிரியாணியைக் கிளறிக்கொண்டே, "அந்த வீடு காலி பண்ற விஷயத்தை நான் எடுக்கப்போறதில்ல மேடம்" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

கட்டடத்தின் விஷயம் முடியவில்லை. வளைவுக்கு முட்டுக் கொடுத்தோம். புதுக் கண்ணாடிகள் வைத்தோம். வெயிலில் திறந்து மழையில் மூடும் பழைய ஒட்டு அது என்பது என் ஊகம். ஒரு வருடம் கைபடாமல் இருந்தால்தான் அது உறுதியாகும். இடிக்க வேண்டும் என்றவர்களும் கூடாது என்றவர்களும், 'தெரியவில்லை' என்ற அந்த ஒரு வரியின் இரு பக்கமும் பொருமிக்கொண்டு காத்திருந்தார்கள். இந்த முறை கண்ணாடி எதற்கு என்பதை ஐயர் வழியாகச் சொல்லி அனுப்பவில்லை. ஆசீர்வாதத்தை ஏணியில் ஏற்றி, ஒரு துண்டை அவர் கண் முன்னாலேயே உடைத்துக் காட்டினேன். உடைவதற்காகத்தான் வைத்திருக்கிறோம், உடைந்தால் அது நமக்குச் சொல்லும் செய்தி என்றேன். துடைப்பம் யார் கையில் இருக்கிறதோ அவரிடமே சொல்லுங்கள். உங்களுக்கு நான் சொல்லக்கூடிய அறிவுரை இது ஒன்றுதான்.

அவர் கண்ணாடியை வேண்டுமென்றே மாற்றினாரா என்று நான் பிறகு கேட்கவே இல்லை. கயிற்றின் முன்னால் நின்ற அந்த ஆளைப் பார்த்த பிறகு, கேட்கத் தேவை இருப்பதாகத் தோன்றவில்லை.

இந்தக் கோடையில், வேலையை விட்ட பிறகு, அத்திபெலேயில் உறவினர் வீட்டுக்கு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். போன் அடித்தது.

"மேடம்! ஆசீர்வாதம் பேசறேன். ஒடைஞ்சிருச்சு மேடம்!"

"எது?"

"வசனத்துக்குக் கீழ இருக்கறது. காலைல பாத்தேன். கையே வைக்கல மேடம், சத்தியமா. பெனிட்டா வந்திருக்கா, அவளையும் தொடக்கூடாதுன்னுட்டேன்."

"நடுவுல இடைவெளி இருக்கா, ஏறியிருக்கா?"

"இடைவெளி மேடம். ஒரு காகிதம் நுழையற மாதிரி. வகிடு எடுத்தாப்ல நேரா ஒடைஞ்சிருக்கு. இன்னா அழகா இருக்குது தெரியுமா!"

வெயில் காலத்தில் இடைவெளி. என் ஊகத்தோடு ஒத்துப்போகிறது. மழையில் மூடிக்கொண்டால் நான் சொன்னது சரி, வளைவு பிழைத்தது. மழையிலும் விரிந்துகொண்டே போனால் நான் சொன்னது தப்பு, கோவிலின் கதை முடிந்தது. "ரொம்ப சந்தோஷம் ஆசீர்வாதம். ஆபீசுக்கு ஒரு போன் பண்ணிச் சொல்லிடுங்க, அவங்க வந்து பார்ப்பாங்க. அப்படியே இருக்கட்டும்" என்று சொல்லி போனை வைத்தேன்.

பக்கத்து சீட்டில் பூக்கூடையோடு இருந்த பெண் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏதோ ஒடைஞ்சிருச்சுன்னீங்க, சந்தோஷம்னும் சொல்றீங்க. நல்ல சேதியா, கெட்ட சேதியாம்மா?"

"தெரியலைங்க" என்றேன். "மழை வரட்டும்."